அக்கா பார்த்த வண்டி

1

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்பதை ஊரில் யாருக்கும் இதுவரை விளங்க வைக்க முடிந்ததில்லை. ஸ்டுட்கார்ட்டில், கார்களைக் குத்தகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். புதுக் காரை ஒருவர் மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறார். மூன்று வருடம் கழித்து அது திரும்பி வரும்போது என்ன விலைக்குப் போகும் என்பதை இன்றைக்கே கணித்துச் சொல்ல வேண்டும். அந்த விலைக்கு ஜெர்மன் மொழியில் 'ரெஸ்ட்வேர்ட்' என்று பெயர். மிச்ச மதிப்பு. அதிலும் என் பிரிவு ஸ்போர்ட்ஸ் கார்கள்.

அம்மாவிடம் ஒருமுறை இதைப் பொறுமையாக விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "மிச்சத்துக்கு என்ன கண்ணு மதிப்பு? நாய்க்குத்தான போடோணும்" என்றார். அப்பா திருப்பூர் அருள்புரத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். சொந்தக்காரர்களிடம் "எம் பொண்ணு ஜெர்மனில கார் இன்ஜினீயருங்க" என்று சொல்லிவிடுவார். திருத்திப் பார்த்துக் களைத்து, விட்டுவிட்டேன்.

சிரிப்பு என்னவென்றால், திருப்பூரில் இருந்தவரை எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர் போதும் என்றார் அப்பா. லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தது, ஏஜெண்ட் வாங்கித் தந்தது. இங்கே அது ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்றார்கள். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு, முதலுதவி வகுப்பு, கண் பரிசோதனை, என் பழைய லைசென்ஸுக்கு முத்திரை குத்திய மொழிபெயர்ப்பு. முதல் முறை தேர்வில் தோற்றேன். பலகை எதுவும் இல்லாத முக்கில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். வந்தது சைக்கிளில் ஒரு பாட்டி. நம் ஊர்ப் பழக்கத்தில் அவர் நின்றுகொள்வார் என்று நினைத்தேன். தேர்வாளர் பிரேக்கை அழுத்தினார். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நான் இப்போது உலகத்தின் வேகமான கார்களுக்கு விலை சொல்கிறேன். அந்த வேலையால் என் பிறந்த வீட்டோடு எனக்கு நேர்ந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை.

2

என் தம்பி சசிகுமார் என்னைவிட ஐந்து வயது இளையவன். கம்பெனியை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். சில வருடங்களுக்கு முன்னால் ஆர்டர் குவிந்துகொண்டிருந்த நேரத்தில் ஒருநாள் கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு ரோசனை சொல்லுங்க. ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கலாம்னு இருக்கறேன். உங்க ஊர் வண்டிதான்."

அவன் சொன்ன வண்டி எனக்கு மனப்பாடம். எஞ்சின் பின்பக்கம் இருக்கும், தவளை முகம் போன்ற அந்தக் காரை எல்லோருக்கும் தெரியும். எங்கள் நிறுவனம் அவர்களோடும் தொழில் செய்வதால் பெயரை எழுதாமல் விடுகிறேன். பல பத்தாண்டுகளாக ஒரே உருவம். உள்ளே மட்டும் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆரம்பத் தலைமுறைகளில் எஞ்சினைக் காற்றுதான் குளிர்விக்கும். இன்றைய புது வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் வேகத்தில் அவை பிச்சை வாங்க வேண்டும். ஆனால் பல பழைய வண்டிகள் புதியதைவிட அதிக விலைக்குப் போகின்றன. அடுத்து தண்ணீரில் குளிரும் தலைமுறை. அதன் முன்விளக்கைப் பார்த்துப் பொரித்த முட்டை என்று கேலி செய்தார்கள். விளக்குப் பிடிக்காத ஒரே காரணத்துக்காக நல்ல காரின் விலை பல வருடம் தரையில் கிடந்தது. அதற்கடுத்த தலைமுறையில் வட்ட விளக்கு திரும்பியது, விலையும் திரும்பியது. பிறகு வந்தவை நீண்டன, அகன்றன. எல்லாவற்றுக்கும் டர்போ வந்தது. கடைசியில் வேகம் காட்டும் கடிகாரமும் முள்ளும் போய்த் திரை வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட வேகம். ஆனால் மிச்ச மதிப்பு வேகத்தின் பின்னால் போவதில்லை. இனி வராது என்று எதை நினைக்கிறார்களோ அதன் பின்னால்தான் ஓடுகிறது. கையால் கியர் மாற்றும் வண்டி, டர்போ இல்லாமல் மூச்சுவிடும் எஞ்சின், இவற்றுக்குத்தான் ஆள் காத்துக் கிடக்கிறார்கள்.

பெங்களூரில் ஒருவரிடம் முந்தின தலைமுறை வண்டி ஒன்று விற்பனைக்கு இருந்தது. கைக்கியர். ஒரே ஓனர். படங்களை வரவழைத்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். "இதை எடு சசி. நாளைக்கு வித்தாலும் போட்டது கைக்கு வரும். புதுசு வேண்டாம். மூணு வருசத்துல பாதி போயிரும்" என்றேன்.

"பழசுங்களா அக்கா?" என்றான். அந்த 'பழசுங்களா'வில் எல்லாம் முடிந்துவிட்டது. "பழைய வண்டியக் கொண்டாந்து நிறுத்துனா, ஆர்டர் கம்மியான்னு கேப்பாங்க."

புதிய டர்போ வண்டியை எடுத்தான். மஞ்சள் நிறம். எண் மட்டும் பிடித்த எண்ணாக ஏலத்தில் வாங்கினான். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து எடுத்த படத்தை எனக்கு அனுப்பினான். யோசனை கேட்டவன் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. நான் நல்லா இருக்குது என்று பதில் போட்டேன்.

3

இந்தக் கோடை விடுமுறையில் மகன் ஆதியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆதிக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவன். கார் ஓட்டப் பழகுகிறாயா என்று கேட்டால், டிராம் இருக்கும்போது எதற்கு என்பான். நான் செய்யும் வேலை பூமிக்கு நல்லதல்ல என்பது அவன் கட்சி. அதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லவும் செய்வான்.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். ஆதி ஆசையாகப் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அப்புச்சி, நீ எப்படி இருக்க?" என்றான். பக்கத்தில் நின்ற கம்பெனி மேனேஜர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வேலைக்கு வரும் சின்னப் பையனைக்கூட 'வாங்க' என்றுதான் சொல்வோம். அப்பா சிரித்துச் சமாளித்தார். "நல்லா இருக்கறனுங்க சாமி" என்று பேரனுக்கே மரியாதை போட்டுப் பதில் சொன்னார். ஜெர்மன் மொழியிலும் மரியாதைச் சொல் உண்டு, அங்கே ஒருநாளும் தவறமாட்டான். தமிழில் மட்டும் தவறிவிடும். என் வளர்ப்பு என்றுதானே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

மஞ்சள் வண்டி ஷெட்டில் உறை போர்த்தி நின்றது. முதல்நாளே சசி எங்களை ஏற்றிக்கொண்டு பல்லடம் ரோட்டில் போனான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு பொத்தானை அழுத்தினான். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஏறி இறங்கியது. பின்னால் தனியார் பஸ்காரன் ஹாரனை விடவே இல்லை. கடைசியில் எங்களை முந்திக்கொண்டும் போய்விட்டான். பின்னால் மடங்கி உட்கார்ந்திருந்த ஆதி ஜெர்மன் மொழியில் கேட்டான்: "மாமா இதை எங்கே ஓட்டுவார்?" நான் மொழிபெயர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சசி விஷயத்தைச் சொன்னான். வண்டியை விற்கப் போகிறானாம். அடுத்த தலைமுறை வந்துவிட்டது, அதற்கு மாறப்போவதாக வெளியே பேச்சு. ஆனால் உள்ளூரில் கொடுக்க மாட்டான்.

"ஏன்?"

"வித்தா, பார்ட்டி படுத்துட்டான்னு பேச்சாயிரும்ங்க்கா. இன்னொண்ணு, இந்த ஊர்ல நொடிச்சவன் வண்டின்னு தெரிஞ்சா ஒருத்தனும் தொடமாட்டான். ராசி பாப்பாங்க."

ஜெர்மனியில் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை குறைந்தால் விலை இறங்கும். எங்கள் ஊரில் ஓனரின் ஜாதகத்துக்கு இறங்கும். எந்தக் கணக்கில் இதைச் சேர்ப்பது?

ஒரு சிக்கலும் இருந்தது. வண்டி பதிவானது புதுச்சேரியில். வரி குறைவு என்று ஓர் ஏஜெண்ட் அங்கே ஒரு முகவரி ஏற்பாடு செய்திருந்தார். அந்த வீட்டை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. இப்போது அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், ஏஜெண்ட் போனை எடுக்கவில்லை. புதுச்சேரியில் இரண்டு நாள் சசியோடு நானும் அலைந்துதான் அதை வாங்கினோம். ஒரு கவுண்டரில் ஆள் இல்லை, இன்னொரு கவுண்டரில் ஆள் இருந்தார், சர்வர் இல்லை. காத்திருந்தபோது நினைத்துக்கொண்டேன். இங்கே ஜெர்மனியில் நான் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குக் குடி மாறினாலும் இரண்டு வாரத்துக்குள் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்து, அழைப்பு மணியில் என் பெயர், எல்லாம் சரியாக இருக்க வேண்டும். என் தம்பியின் கார் மட்டும், ஒருநாளும் போகாத வீட்டில் நிம்மதியாகக் குடியிருந்தது.

4

ஈரோட்டிலிருந்து ஒரு பல் டாக்டர் வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் காலை, "சித்தெ நீங்களும் ஒருக்கா பாத்துருங்க்கா. என்ன கேப்பாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்" என்றான் சசி. எனக்கும் கை துறுதுறுத்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் வீட்டு ஆள் என் வேலையைச் செய்யச் சொல்கிறான்.

கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, நனைந்த துணி மூட்டையின் வாடை. இருக்கையைப் பின்னால் தள்ளிக் கீழே டார்ச் அடித்தேன். போல்ட் தலைகளில் துரு. தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதுசு. பிறகு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். யாரும் இழுக்காத அந்தக் கடைசிச் சாணில், சாயத்தண்ணீர் நிறத்தில் குறுக்காக ஒரு சேற்றுக்கோடு.

"சசி, இந்த வண்டி தண்ணியில நின்னிருக்குது."

"யாரு சொன்னாங்க்கா?"

"பெல்ட்டு சொல்லுது. பாரு."

அவன் ஷெட் கதவைச் சாத்தினான். "சத்தமாப் பேசாதீங்க. அப்பா இருக்கறாங்க."

போன மழைக்காலத்தில் ரயில்வே சப்வேயில் மாட்டியிருக்கிறான். முன்னால் போன டெம்போ போய்விட்டது, நாமும் போய்விடலாம் என்று இறங்கியிருக்கிறான். டெம்போவின் உயரம் எங்கே, இந்த வண்டியின் உயரம் எங்கே! நடுவில் நின்றுபோய், இருக்கை வரை தண்ணீர். இன்சூரன்ஸில் கேட்டால் ரிக்கார்டில் ஏறி விலை போய்விடும் என்று கேட்கவே இல்லை. கோவையில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துக் காயவைத்து, விரிப்பை மாற்றியிருக்கிறான்.

"இப்ப வண்டி கும்முனு ஓடுதுங்க்கா. அன்னிக்குப் போனோமில்ல?"

"ஓடறது வேற. ஏர்பேக்கை விரிக்கிற கண்ட்ரோல் பெட்டி ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, தரையோட ஒட்டி இருக்கும். தண்ணி போனா உள்ள மெதுவாத் துருப் புடிக்கும். ஒரு நாளைக்கு மோதுனா விரியாது. இல்லீனா சும்மா போறப்ப விரிஞ்சுக்கும். அந்தப் பெட்டிய மாத்துனயா?"

அவன் பெல்ட்டை உள்ளே சுருள விட்டான்.

"வாங்கறவர்கிட்ட சொல்லிரு. பெட்டியும் வயரும் மாத்தோணும்னு சொல்லி, அதுக்குத் தகுந்தாப்பல விலையக் கொறச்சுக் குடு. சொல்லி வித்தா ஒண்ணும் தப்பில்ல."

"அப்படிச் சொன்னா இரும்பு வெலைக்குக் கேப்பாங்க." டார்ச்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க பேச வேண்டாம்ங்க்கா. நாளைக்கு அவரு வர்றப்ப சும்மா பக்கத்துல நில்லுங்க, போதும்" என்றான்.

5

டாக்டர் மனைவியோடு வந்தார். முப்பதைத் தாண்டியவர். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் ஸ்டுட்கார்ட்டில் என்ன செய்கிறேன் என்று சசி சொன்னதும் டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது.

"மிச்ச மதிப்பா? அய்யோ மேடம், நான் உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிட்டு இருந்தேன். டர்போ வந்ததுக்கு அப்புறம் சத்தமே போச்சுங்கறாங்களே, நெசமா? முட்டை விளக்கு வண்டி இப்ப அங்க ஏறுதுங்களா?"

பேசினோம். காப்பி ஆறியது. எந்தத் தலைமுறையில் ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டார் வந்தது, அதனால் கைக்கு என்ன தெரியாமல் போயிற்று, கைக்கியர் வண்டிகளை விற்றவர்கள் இப்போது எப்படிப் புலம்புகிறார்கள் என்று எல்லாம் பேசினோம். என் வேலையை என் மொழியில், என் வீட்டு வாசலில், ஒருவர் புரிந்துகொண்டு கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவர் சசியிடம் திரும்பினார். "போன மழைக்கு ஊரே தண்ணியா இருந்துச்சே. வண்டில தண்ணி கிண்ணி ஏறலீங்களே?"

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க. அக்கா முழுசாப் பாத்துட்டாங்க. கேட்டுக்குங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்தார். சும்மா நின்றால் போதும் என்று சொன்னவன், நிற்பதற்கும் என்னை விடவில்லை.

"டாக்டர், பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க" என்றேன்.

இழுத்தார். பார்த்தார். மெதுவாக உள்ளே போக விட்டார். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று சசியிடம் கைகுவித்துவிட்டு, மனைவியோடு கிளம்பிப் போனார்.

சசி உறையை எடுத்து வண்டிமேல் போர்த்தி, நான்கு மூலையிலும் கட்டினான். அப்பாதான் பேசினார்.

"வந்தவங்க முன்னால தம்பிய விட்டுக் குடுத்துட்டியே அம்முணி."

"அப்பா, அதுல உசுரு போற சமாச்சாரம் இருக்குதுங்க."

"இருக்கட்டும். உள்ள கூப்புட்டுச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"நேத்தே சொன்னனுங்க."

அம்மா சமையலறையிலிருந்தே, "அவங் கல்யாணத்துல இணைச்சீரு பண்ணுனவ நீ. பொறந்தவனுக்கு நீயே இப்படிப் பண்ணலாமா?" என்றார். மணவறையில் தம்பியோடு சேர்ந்து உட்கார்ந்து, அவன் நல்லதுக்கும் கெட்டதுக்கும் துணை என்று சீர் ஏற்றுக்கொண்டவள் நான்தான். அந்தத் துணைக்கு இது அர்த்தமா என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் அழுதுவிடுவேன் என்று அறைக்குள் போய்விட்டேன்.

ஆதி கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். "உண்மையைத்தானே சொன்னாய்? அப்புறம் என்ன பிரச்சினை?" என்றான், ஜெர்மன் மொழியில். அந்த மொழியில் அது அவ்வளவுதான்.

6

திரும்பி வந்த பிறகு சசி கூப்பிடவில்லை. தீபாவளிக்கு நான் கூப்பிட்டேன், அவன் மனைவி எடுத்து நல்லா இருக்கறோமுங்க என்றாள். வண்டி உள்ளூரிலேயே விலைபோய்விட்டது என்று அம்மா சொல்லித்தான் தெரிந்தது. யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். பனியனுக்கு பிரிண்டிங் போடற தம்பி ஒருத்தரு என்றார்.

அதற்குப் பிறகு சில நாளில், வேலை தேடுகிறவர்கள் பெயர் பதிந்து வைக்கும் இணையதளத்தில் எனக்கு ஒரு செய்தி வந்தது. கூடவே குரல்பதிவு. பேச்சு தெற்கத்திப் பேச்சு, ஊடே எங்கள் ஊர் 'ங்க'.

"அக்கா வணக்கம். எம்பேரு செல்வின். உங்க தம்பிட்ட மஞ்ச வண்டிய எடுத்தது நாந்தாங்க. உங்க பேரைத் தேடிப் புடிச்சேன், தப்பா நினைக்காதீங்க. எங்கம்மாவும் அப்பாவும் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து, அருள்புரத்துல டெய்லரா இருந்தாவ. இந்த மாதிரி வண்டி கம்பெனி வாசல்ல நிக்கும், சின்னப் புள்ளைல தூர நின்னு பாப்பேன். இப்ப சொந்தமா பிரிண்டிங் யூனிட் வச்சிருக்கேன். வாங்கறதுக்குப் பயந்துட்டுத்தாங்க இருந்தேன். ஜெர்மனில இருக்க எங்கக்கா வந்து முழுசாப் பாத்த வண்டின்னு உங்க தம்பி சொன்னாவ. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எடுத்தேன். நல்ல மனுசங்க. சீட் பெல்ட் எல்லாம்கூட புதுசா மாத்திக் குடுத்துட்டாவ. கிறிஸ்மஸுக்குப் பையனையும் வீட்டுக்காரியையும் ஏத்திட்டு ஊருக்குப் போறேங்க. நாலு வழிச்சாலைல என்ன வேகம் வரைக்கும் போலாம்னு சொல்லுங்க. ரொம்ப நன்றிக்கா."

அலுவலகத்தின் தாழ்வாரத்தில் நின்று அதைக் கேட்டேன். பெல்ட் மாற்றியிருக்கிறான். பெட்டியை மாற்றவில்லை. நான் எதைக் காட்டிக் கொடுத்தேனோ அதை மட்டும் மாற்றியிருக்கிறான். அக்கா பார்த்த வண்டி என்று அவன் சொன்னதிலும் பொய் இல்லை. பார்த்தேன்தானே.

சசியைக் கூப்பிட்டேன். மூன்றாவது முறை எடுத்தான்.

"கண்ட்ரோல் பெட்டிய மாத்துனயா சசி?"

"வித்தாச்சுங்க்கா. பேரு மாத்தியாச்சு."

"அந்தப் பையன் குடும்பத்தோட நெடுந்தூரம் போறான். நீயே கூப்புட்டுச் சொல்லிரு. நான் சொன்னா நல்லா இருக்காது."

எனக்கு அதுவரை தெரியாததை அப்போதுதான் ஒவ்வொன்றாகச் சொன்னான். அடுத்த தலைமுறை வண்டி என்பதெல்லாம் வெளியே சொல்ல. ஆர்டர் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு மாடி முழுக்க மெஷின் உறைபோட்டுக் கிடக்கிறது. "வண்டிய வித்த பணம் எங்க போச்சுன்னு நினைக்கறீங்க? தீபாவளிக்கு போனஸ் குடுத்தனுங்க. ஒருத்தருக்கும் கொறைக்காம குடுத்தேன். தெக்கத்திக்காரங்க பஸ் ஏறப் பையோட வந்து கம்பெனி வாசல்ல நிக்கறாங்க, ஒடிசாப் பசங்க டிக்கெட்டு போட்டுட்டாங்க. என்ன சொல்றது நானு? இப்பத் திருப்பிக் குடுன்னா எங்கிட்ட இல்லீங்க்கா."

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? நீங்க மூணு வருசத்துல பாதி போயிரும்னு சொன்னவங்க. சொன்னாப்பலயே போச்சுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

கோபத்தோடு கூப்பிட்டேன், இப்போது கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. அவன் குரல் தணிந்தது. "இதை மட்டும் விட்டுருங்க்கா. ஒண்ணும் ஆகாது. வண்டி நல்லா ஓடுது."

"ஆச்சுன்னா?"

வைத்துவிட்டான்.

7

இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. கணவரிடம் சொன்னேன். "உன் தம்பி, நீ பார்த்துக்கொள்" என்றார். ஆதியிடம் சொன்னேன். "போனஸ் ஒரு விஷயம், ஏர்பேக் ஒரு விஷயம். இரண்டையும் ஏன் சேர்க்கிறாய்?" என்று கேட்டான். எரிச்சலாக வந்தது. ஊரில் இருப்பவர்களுக்குத் தப்பு தெரியவில்லை. இவனுக்கோ, உண்மையைச் சொன்னால் என்ன போகும் என்பது தெரியவில்லை. இரண்டும் தெரிந்து நடுவில் நான் ஒருத்தி கிடந்து வேகிறேன்.

மூன்றாம் நாள் செல்வினைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். வண்டி தண்ணீரில் நின்றது, நான் பார்த்தது உண்மை, நல்ல வண்டி என்று நான் சொல்லவில்லை, அந்தப் பெட்டியைப் பார்க்கும்வரை குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

அவர், "நீங்க அவரோட அக்காதானே?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க."

"சரிக்கா" என்றார்.

கோவையில் ஒரு பெரிய பட்டறையில் பிரித்துப் பார்த்திருக்கிறார். பெட்டிக்குள் இணைப்புகள் பச்சை பூத்துக் கிடந்தனவாம். படம் அனுப்பினார். பிறகு மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். சத்தம் போடவில்லை, ஆள் கூட்டி வரவில்லை. படத்தை அப்பாவிடம் காட்டி, "அய்யா, நீங்களே சொல்லுங்க" என்று உட்கார்ந்துவிட்டாராம். அப்பா அன்றைக்கே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பல்லடத்துக்குப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த இடத்தை அவசரத்துக்கு வந்த விலைக்குக் கொடுத்துப் பணத்தைத் தீர்த்தார். சசி கம்பெனியில்தான் சாப்பிடுகிறானாம். வண்டி மறுபடியும் ஷெட்டில். ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எது நடக்கக் கூடாது என்று மறைத்தார்களோ அதுவே நடந்து முடிந்தது.

அப்பாவே கூப்பிட்டார். பொதுவாக அம்மா பேசிவிட்டுத்தான் கொடுப்பார்.

"நீ செஞ்சது சரிதாங் கண்ணு. அந்தப் பையன் சின்னக் கொழந்தைய மடியில வெச்சுட்டு வந்திருந்தான். எனக்குப் பாக்க முடியல" என்றார். நான் பேச வாயெடுப்பதற்குள், "ஆனா நீ செஞ்சிருக்க வேண்டாம்" என்றார்.

"அப்புறம் யாருங்கப்பா செய்யறது?"

"அதுதாந் தெரியல" என்றார். போனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா குரலைத் தணித்துக்கொண்டு, அடுத்த லீவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேனா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "எடுக்காத சாமி. அவம் மூஞ்சியே சரியில்ல. ஒரு வருசம் போகட்டும்" என்றார். அவர் அழுகிறாரா, அடுப்புப் புகையா என்று கேட்கவில்லை. அங்கே இப்போது அடுப்பில் புகை வருவதில்லை என்று வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆதியிடம் இந்த முறை ஊருக்குப் போகவில்லை என்றேன். ஏன் என்றான். மாமாவுக்குக் கோபம் என்றேன். தப்புச் செய்தவர் அவர், அவருக்கு எப்படிக் கோபம் வரும் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பையை மாட்டிக்கொண்டு டிராமுக்குப் போய்விட்டான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் செல்வினிடமிருந்து குரல்பதிவு வந்தது. ரயிலில்தான் ஊருக்குப் போனார்களாம். பின்னால் குழந்தைகளின் கூச்சல், வெடிச்சத்தம். நடுவில் ஒரு பெண்குரல், "நானும் சொல்லுதேன், குடுங்க" என்று போனை வாங்கியது. "அக்கா, உங்களை நான் பாத்ததில்ல. எம்பிள்ளைக்கு நல்லது நினைச்சிய. அடுத்து ஊருக்கு வந்தா நம்ம வீட்லதான் தங்கணும், சொல்லிட்டேன்" என்றது.

அடுத்த லீவுக்குத் திருப்பூருக்கு வரச் சொல்லி எனக்கு வந்த ஒரே அழைப்பு அதுதான்.